நாலடிக் கடல் தொட்டியில் எந்த ராஸ் மீன்கள் ஒத்துப்போகும்?

கேட்கப்பட்டது இதுதான்: நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில், ஏறக்குறைய 450 லிட்டர் பிடிக்கும் பவளத் தொட்டி. ஒரு ஜோடி கோமாளி மீன்களும் ஒரு சிக்ஸ்லைன் ராஸும் ஓராண்டாக அதில் இருக்கின்றன. இன்னும் நான்கைந்து ராஸ் (wrasse) மீன்களைச் சேர்க்க ஆசை. எவையெவை சண்டையில்லாமல் சேர்ந்து வாழும்?

முதலில் சிக்ஸ்லைனை வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமே உள்ள, ஊதா உடம்பில் ஆறு ஆரஞ்சுக் கோடுகள் ஓடும் அந்த மீன் கடைக்காரர்களுக்குச் செல்லப்பிள்ளை. விலை குறைவு, எதையும் தின்னும், எளிதில் சாகாது, தட்டைப்புழுக்களையும் பொறுக்கித் தின்னும். கடலில் அது கிளைப்பவளங்களின் இண்டு இடுக்குகளில் தன் எல்லையை வகுத்துக்கொண்டு வாழ்கிறது. தொட்டியில் ஓராண்டு இருந்துவிட்டால் நான்கடியும் தன் பட்டா நிலம் என்றுதான் நினைக்கும். புதிதாக வரும் மீனை, அதுவும் தன்னைப் போல நீண்ட உடம்புள்ள இன்னொரு ராஸை, அது ஒரே நாளில் கொல்வதில்லை. மூலையில் ஒதுக்கும், வால் துடுப்பைக் கடிக்கும், தீவனம் விழும் இடத்துக்கு வரவிடாது. நான்காவது ஐந்தாவது நாளில் அந்த மீன் செத்துக் கிடக்கும்போது உரிமையாளர் தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருப்பார். சாதுவான சிக்ஸ்லைன்களும் உண்டுதான். ஆனால் அப்படி ஒன்று உங்களுக்கு வாய்த்திருக்கிறதா என்று சோதிக்க விலையுயர்ந்த மீன்களைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. அதன் நெருங்கிய உறவுகளான எய்ட்லைனும் மிஸ்டரி ராஸும் குணத்தில் பெரிதாக மாறுபட்டவை அல்ல. மிஸ்டரி அழகுதான், கொஞ்சம் நிதானமும் உண்டு. இருந்தாலும் தொட்டியில் கடைசியாக இறங்க வேண்டியவர்கள் பட்டியலில்தான் அதுவும் வரும்.

பாறைகளைக் கலைக்காமல் சிக்ஸ்லைனைப் பிடிக்க வலை உதவாது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, ஓரங்களை மீன்பிடி நரம்பால் கட்டிவிடுங்கள். மூடி இல்லாத கழுத்து உள்நோக்கி இருக்கும். பாட்டிலின் உடம்பில் ஊசியால் சில துளைகள் போட்டால் வாசனை வெளியே வரும். உள்ளே நறுக்கிய இறாலை வைத்து, அந்த மீன் அதிகம் நடமாடும் பாறையின் ஓரத்தில் படுக்க வையுங்கள். பாட்டில் பழகுவதற்கு ஓரிரு நாள் ஆகலாம். அதுவரை வெளியே தீவனத்தைக் குறைத்துவிடுங்கள். பிடிபட்டதும் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், அல்லது பெரிய, முரட்டு மீன்கள் உள்ள தொட்டிக்காரருக்குத் தரலாம். அதைப் பிரிய மனமில்லையென்றால் திட்டத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்: உடம்பு பெருத்த ஃபேரி ராஸ் ஆண் ஒன்று, அவ்வளவுதான். ஃபிளாஷர், போஸம், லெப்பர்ட் எதுவும் வேண்டாம். இந்த ராஸ் வகைகள் ஒவ்வொன்றையும் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இனி தேர்வுக்கு வருவோம். ராஸ் என்பது ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம். விரலளவு மீனும் அதில் உண்டு. இரண்டு மீட்டர் வளரும் நெப்போலியன் ராஸும் அதில்தான். ஆகவே ‘ராஸோடு ராஸ் சேருமா’ என்ற கேள்விக்கு விடை கிடையாது. நான் பார்ப்பது மூன்று விஷயங்கள்: இரவில் எங்கே தூங்குகிறது, பகலில் எந்த இடத்தில் இரை தேடுகிறது, ஏற்கெனவே இருக்கும் மீனைப் போல இருக்கிறதா. நடுத்தண்ணீரில் மிதவையுயிர்களைப் பிடித்துத் தின்னும் மீனும், மணலையும் பாறையையும் கொத்தித் திரியும் மீனும் ஒரே தொட்டியில் வெவ்வேறு வீடுகளில் வாழ்வதைப் போலத்தான். ஒரே பேரினம், ஒரே அளவு, ஒரே நிறம் என்று மூன்றும் சேர்ந்தால் சண்டைக்கு வேறு காரணம் தேவையில்லை.

நடுத்தண்ணீர்க்காரர்கள் ஃபேரி ராஸும் ஃபிளாஷர் ராஸும். முதலாவது சிர்ரிலாப்ரஸ் பேரினம், இரண்டாவது பாராகைலினஸ். இரண்டும் பவளத்தைத் தொடாது, நத்தை, இறால் பக்கம் போகாது. இரவில் பாறை இடுக்கில் சளியால் ஒரு மெல்லிய பையை நெய்து அதற்குள் தூங்கும். காலையில் கண்ணாடிப் படலம் போல ஒன்று மிதந்தால் பதற வேண்டாம்; அது கழற்றிப்போட்ட இரவுப்பை.

ஃபேரிகளுக்குள்ளேயே குணபேதம் அதிகம். சோலோரென்சிஸ், ஸ்காட், சயனோப்ளூரா போன்றவை உடம்பு கனத்தவை, அதிகாரம் செய்பவை. ரூப்ரிவென்ட்ராலிஸ், நவோகோ போன்றவை ஒல்லி, மென்மை. கனத்த ஒன்றையும் மெல்லிய ஒன்றையும் சேர்த்தால் மெல்லியது மறைந்தே வாழும். இரண்டு மெல்லியவற்றைச் சேர்க்கலாம், ஆனால் இந்த இரண்டையே அல்ல. இவை ஒன்றையொன்று மிக ஒத்திருப்பவை. நாலடித் தொட்டியில் நான் ஒரே ஒரு ஃபேரி ஆணோடு நிறுத்திக்கொள்வேன். ஆறடித் தொட்டியில் நான்கைந்து இனங்களை வைத்திருப்பவர்களைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே துரத்தப்படும் மீனுக்கு ஓட இடமிருக்கிறது.

ஃபிளாஷர்கள் இன்னும் சிறியவை, இன்னும் சாதுவானவை. மெக்காஸ்கர், கார்பென்டர், ஃபிலமெண்டட் ஆகிய மூன்றும் கடைகளில் அடிக்கடி வருபவை. இவற்றில் மெக்காஸ்கர் நம் இந்தியப் பெருங்கடலின் மீன், மாலத்தீவிலும் உண்டு. பெரும்பாலான ஃபிளாஷர் ஆண்களை ஃபேரிக்கு முன்பே இறக்கினால் இரண்டும் ஒத்துப்போகும். செங்கடலின் எட்டுக்கோட்டு ஃபிளாஷர் மட்டும் விதிவிலக்கு. தன் உறவுகளை விட முரடு.

இவ்விரு வகைகளிலும் வாங்குபவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் பாலினம். ராஸ் மீன்களில் பெரும்பாலானவை பெண்ணாக வாழ்க்கையைத் தொடங்கி, கூட்டத்தில் ஆண் இல்லாதபோது பெரியது ஆணாக மாறும். கண்ணைப் பறிக்கும் நிறமும் நீண்ட துடுப்பிழைகளும் ஆணுக்கே. கடைக்காரர் உங்களுக்கு ஆணை மட்டும் விற்பார். காட்டிக்கொள்ள ஆளில்லாத ஆண் சில மாதங்களில் நிறம் மங்கிவிடும். ஒரு ஆணோடு அதே இனத்துப் பெண்கள் இரண்டை ஒரே நேரத்தில், ஆணை விடச் சிறிய அளவில் வாங்குவதே சரியான வழி. பெண்கள் கிடைக்காவிட்டால், வேற்று இனத்து ஃபிளாஷர் ஆண் ஒன்றை உடன் இறக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் துடுப்பை விரித்து மின்னும். அந்தப் போட்டி பெரும்பாலும் காட்சியோடு முடிந்துவிடும். ஒரே இனத்தில் இரண்டு ஆண்கள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மணலையும் பாறையையும் கொத்தி, இரவில் மணலுக்குள்ளேயே தூங்கும் மணல்காரர்களில் முதலிடம் ஹாலிகோரஸ் பேரினத்துக்கு. மஞ்சள் கோரிஸ் என்று விற்கப்படும் ஹாலிகோரஸ் கிரைசஸ் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் நிற்கும்; புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் மீன் அதுதான். பெயரில் கோரிஸ் இருந்தாலும் அது கோரிஸ் அல்ல. உண்மையான கோரிஸ் எது என்று கீழே சொல்கிறேன். மேல்பாதி மஞ்சளும் கீழ்ப்பாதி வெள்ளையுமான லூகோசாந்தஸ், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வரும் செந்நிற ரேடியண்ட், பச்சையும் இளஞ்சிவப்பும் வரிவரியாக ஓடும் மெலனூரஸ் எல்லாம் இதே கூட்டம். பவளங்களில் ஒட்டும் தட்டைப்புழு, சிப்பிகளை உறிஞ்சும் பிரமிட் நத்தை ஆகியவற்றை இவை பொறுக்கித் தின்னும். அதே வாயால் மிகச்சிறிய இறால்களையும் குட்டி நத்தைகளையும் விசிறிப் புழுக்களையும் எடுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மெலனூரஸ் ஆணான பிறகு கொஞ்சம் நாட்டாமை செய்யும். மஞ்சளையும் லூகோசாந்தஸையும் சேர்க்காதீர்கள். இரண்டும் மஞ்சள், இரண்டும் ஒரே அளவு. மஞ்சளும் ரேடியண்டும் சேரும்.

லெப்பர்ட் ராஸைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிக அதிகமாகச் சாகடிக்கப்படுவது அதுதான். மாக்ரோஃபரிங்கோடான் பேரினம். பைபார்டிட்டஸ், ஆர்னேட்டஸ், மெலியாகிரிஸ் ஆகியவை வரும். ஆர்னேட்டஸ் இலங்கைக் கடலிலும் உள்ள மீன். குணம் தங்கம், யாரையும் துரத்தாது. ஆனால் அது பகல் முழுதும் பாறையிலும் மணலிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டுயிரிகளைக் கொத்திக்கொண்டே இருக்கும் பிராணி. ஒரு வேளை பெருந்தீனி போட்டு அதைக் காப்பாற்ற முடியாது. அந்தச் சிற்றுயிர்கள் பெருகிய, பழுத்த தொட்டி வேண்டும். உங்கள் தொட்டி ஓராண்டைத் தாண்டியிருப்பதால் முயலலாம். இறக்கிய நொடியில் மணலுக்குள் பாய்ந்துவிடும். பிறகு மூன்று நாள், ஐந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் வெளியே வராது. அதன் உடல்கடிகாரம் பிடிபட்ட ஊரின் சூரியனைப் பின்பற்றுவதால், வந்தாலும் விளக்கு எரியாத நேரத்தில் தலைகாட்டிவிட்டுப் போகும். செத்துவிட்டதோ என்று மணலைக் கிளறுபவர்தான் அதைக் கொல்கிறார். விட்டுவிடுங்கள். எழுந்து வந்து பாறையைக் கொத்த ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறிய பெண்களை வாங்கினால் சீக்கிரம் துணிச்சல் வரும். பின்னாளில் அவற்றில் பெரியது ஆணாக மாறும்.

போஸம் ராஸ், அதாவது வெட்மோரெல்லா, பாறைக் குகைகளின் நிழலில் மெதுவாக மிதந்து திரியும் சிறிய மீன். யாருடனும் சண்டையில்லை, யாராவது சண்டை போட்டால் காணாமல் போய்விடும். இதே மாதிரிச் சாது பிங்க் ஸ்ட்ரீக்ட் ராஸ். இரண்டில் எதுவாயினும் தொட்டியின் மற்ற ராஸ் மீன்களுக்கு இடைஞ்சலே இருக்காது. விருந்தினருக்குக் காட்ட அழைத்தால் மட்டும் வராது.

வேண்டாதவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடையில் குட்டியாக இருக்கும்போது இவைதான் மனதைக் கவரும். செம்மஞ்சள் உடம்பில் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளைத் திட்டுகளோடு பொம்மை போல இருக்கும் ரெட் கோரிஸ் குட்டி, வளர்ந்தால் நாற்பது சென்டிமீட்டர் வரை போகும் கோரிஸ் கைமார்ட். கல்லைப் புரட்டும், நத்தையையும் துறவி நண்டையும் ஒழிக்கும். பாசிக்கொத்து போல அலையும் டிராகன் ராஸ் குட்டியும் அப்படித்தான், பெரிதாகிப் பாறையையே உருட்டும். தலசோமா பேரினத்துப் பிறைவால் ராஸ் தென்னிந்திய, இலங்கைக் கடற்பாறைகளில் சாதாரணமாக நீந்தும் மீன். அதனால் இங்கே மலிவாகவும் கிடைக்கிறது. அழகு, சுறுசுறுப்பு, நீண்ட ஆயுள் எல்லாம் உண்டு. சிறிய ராஸ் மீன்களோடு வைக்கக் கூடாது என்பதில் சமரசமில்லை. பெயரில்லாமல் ‘பச்சை ராஸ்’ என்று மட்டும் எழுதி விற்கப்படும் உள்ளூர்க் குட்டிகளையும் வாங்காதீர்கள். இனம் தெரியாமல் வளர்ந்த அளவு தெரியாது. நீலப்பட்டைத் துப்புரவு ராஸ் கடலில் பெரிய மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கி வாழ்வது. வீட்டுத் தொட்டியில் அதற்கு அந்த வாடிக்கையாளர்கள் இல்லை. பெரும்பாலும் மெலிந்து சாகும்.

இப்போது உங்கள் தொட்டிக்கு என் தேர்வு. லெப்பர்ட் பெண்கள் இரண்டு, போஸம் ஒன்று, மெக்காஸ்கர் ஃபிளாஷர் ஆண் ஒன்று, மஞ்சள் ஹாலிகோரஸ் ஒன்று, கடைசியில் ஒரு ஃபேரி ஆண். நீங்கள் கேட்டதை விட ஒன்று கூடுதல். லெப்பர்ட் முதல்முறையாக வளர்ப்பவருக்குச் சுமை என்று தோன்றினால் அதை விட்டுவிட்டு ஃபிளாஷருக்குப் பெண்கள் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபேரிக்கு எக்ஸ்க்விசிட்டஸ் கிடைத்தால் எடுப்பேன். பரவலாகக் காணப்படும் இனம், நடுத்தர உடம்பு.

எழுதியிருக்கும் வரிசையேதான் இறக்கும் வரிசையும். எந்த மீன் என்பதை விட எந்த மீன் முதலில் என்பதுதான் பெரும்பாலான தொட்டிகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. கூச்சக்காரர் முதலில், அதிகாரி கடைசியில். இதே ஆறு மீன்களைத் தலைகீழாக இறக்கிப் பாருங்கள், இரண்டுதான் மிஞ்சும். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் மூன்று நான்கு வாரம் விடுங்கள். லெப்பர்ட் எழுந்து தின்னத் தொடங்கும் வரை அடுத்ததைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரே குணமுள்ள இரண்டை ஒன்றாக இறக்கலாம், போஸமும் ஃபிளாஷரும் போல.

மஞ்சளையும் ஃபேரியையும் நேராகத் தொட்டியில் விடாதீர்கள். துளைகள் உள்ள தெளிவான அக்ரிலிக் பெட்டி ஒன்றைத் தொட்டியின் உட்சுவரில் தொங்கவிட்டு, புது மீனை மூன்று முதல் ஏழு நாள் அதற்குள் வையுங்கள். பழைய மீன்கள் முதல் நாள் பெட்டியை முட்டும், மூன்றாம் நாள் சலித்துப்போகும். பெட்டிக்குள்ளேயே தீவனம் தின்னக் கற்ற மீனைத்தான் திறந்துவிட வேண்டும். ஏழாம் நாளும் பழையது பெட்டியை விட்டு நகரவில்லையென்றால் அந்த ஜோடி சேராது. பெட்டிக்குள் மணல் இருக்காது என்பதால் மஞ்சளுக்குச் சிறு கிண்ணத்தில் மணல் வையுங்கள். திறந்துவிடும் நாளில் பக்கக் கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிவிட்டால், சண்டைக்கார மீன் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். புதிது ஊர் சுற்றிப் பார்க்க அந்த நேரம் போதும்.

மணல்காரர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மென்மணல் அவசியம். கூரான பவளச் சில்லுகள் உடம்பைக் கிழிக்கும். தொட்டியின் பாதியிலாவது அந்த ஆழம் இருக்கட்டும்.

மூடி இல்லாமல் ராஸ் வாங்காதீர்கள். ராஸ் மீன்கள் அத்தனையும் குதிக்கும். துரத்தப்பட்டாலும் குதிக்கும், அறை விளக்கை யாராவது படாரென்று போட்டாலும் குதிக்கும். கண்ணாடி மூடி போட்டால் சென்னை, மதுரை வெயிலில் சூடு உள்ளேயே தங்கித் தொட்டி கொதிக்கும், குளிர்விப்பான் ஓயாமல் ஓடும். ஆகவே வலைதான். கொசுவலை ஜன்னல் செய்பவரிடமே அளவு கொடுத்துச் சட்டம் செய்துகொள்ளலாம். ஆனால் வெறும் அலுமினியச் சட்டம் உப்புத் துளிகளில் அரித்து வெள்ளை மாவாக உதிரும்; பிளாஸ்டிக் சட்டம் கேளுங்கள். கொசுவலையை விட அரை சென்டிமீட்டர் கண் உள்ள தெளிந்த நைலான் வலை வெளிச்சத்தைக் குறைக்காது. அதைவிடப் பெரிய கண்ணில் ஃபிளாஷரும் போஸமும் நுழைந்துவிடும். குழாயும் வயரும் போகும் மூலை இடைவெளியையும் அடையுங்கள். மீன் எப்போதும் அந்த ஒரு மூலையில்தான் வெளியேறும்.

கடையில் பார்க்க வேண்டியவை சில. தின்பதைக் கண்ணால் பாருங்கள். வயிறும் நெற்றிக்குப் பின்னுள்ள சதையும் ஒட்டிய மீன் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மணலில் தூங்கும் மீன்கள் பயணத்தில் வெறும் பையின் அடியில் முட்டி முட்டித் தாடையைக் காயப்படுத்திக்கொள்ளும். வாய் வீங்கியிருக்கிறதா, முழுதாக மூடுகிறதா என்று கவனியுங்கள். ஃபேரிகளில் பல ஆழ்கடற்பாறை மீன்கள். 2022இல் மாலத்தீவிலிருந்து அறிவியல் பெயர் பெற்ற சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் வாழ்வது. அத்தகைய ஆழத்திலிருந்து அவசரமாக மேலே கொண்டுவரப்பட்ட மீனுக்குக் காற்றுப்பை கெட்டுப்போயிருக்கும். வாலைத் தூக்கிக்கொண்டு தலைகீழாக நீந்தினாலோ, நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மேலே மிதந்து மிதந்து வந்தாலோ எவ்வளவு நிறமிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கியதை நான்கு வாரம் தனித்தொட்டியில் வைப்பது நல்லது. வெறுந்தரைத் தொட்டி என்றால் மணல்காரர்களுக்கு ஒரு கண்ணாடி டப்பாவில் மணல் வேண்டும். வெண்புள்ளி நோய்க்குச் செப்பு மருந்தை மற்ற மீன்களுக்குப் போடும் வேகத்தில் ராஸுக்குப் போடக் கூடாது. அளவைச் சில நாட்களில் படிப்படியாக ஏற்றி, சோதனைக் கருவியால் தினமும் அளக்க வேண்டும். லெப்பர்டுக்கு நோய்க்குறி தெரியாமல் மருந்தே வேண்டாம்.

தீவனம் ஒரு நாளைக்கு மூன்று வேளையாவது, கொஞ்சம் கொஞ்சமாக. உறையவைத்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்), மீன்முட்டை, பொடியாக நறுக்கிய பச்சை இறால், சிறுமணித் தீவனம் என்று மாற்றி மாற்றி. நடுத்தண்ணீர்க்காரர்கள் நாள் முழுதும் நீந்தும் மீன்கள், ஒருவேளைச் சாப்பாட்டில் மெலிந்துவிடும். மெலிந்தவையும் பசித்தவையும்தான் அதிகம் சண்டை போடும். தீவனத்தைத் தொட்டியின் இரு முனைகளிலும் பிரித்துப் போடுங்கள். ஒரு மீன் இரண்டு வாசலைக் காவல் காக்க முடியாது.

எல்லாம் செய்தும் துரத்தல் தொடங்கினால், எதைப் பார்த்துக் கவலைப்படுவது? துடுப்பை விரித்து, நிறத்தை ஏற்றி, பக்கவாட்டில் நின்று காட்டினால் அது வெறும் பேச்சு, விட்டுவிடுங்கள். துடுப்பு கிழிந்தாலோ, ஒரு மீன் இரண்டு வேளை தொடர்ந்து தீவனத்துக்கு வராவிட்டாலோ காத்திருக்காதீர்கள். துரத்துவதைப் பிடித்துப் பெட்டியில் அடையுங்கள், துரத்தப்படுவதை அல்ல. ஒரு வாரம் கழித்து வெளியே வரும்போது தொட்டியின் எல்லைகள் அது இல்லாமலே வகுக்கப்பட்டிருக்கும்.